ஆனைமலை அருணாசலம் உக்காந்த இடம்

இன்னிக்கும் பேனாவைப் புடுங்கிட்டாங்க சார்! சட்டைப் பையில இருந்ததை. கீழே ஒரு பெட்டியில போட்டுப் பூட்டிட்டு, இந்தப் பென்சிலைக் குடுத்திருக்காங்க. மூக்கைப் பாருங்க இதுக்கு. ஒண்ணாங்கிளாஸ் பையன்கூட வேணாம்பான். 'மை கொட்டிட்டா பழைய காகிதமெல்லாம் கெட்டுடும் சார்.' எனக்கு எழுபது தாண்டியாச்சு. நான் மை கொட்டிடுவேனாம்!

உங்களுக்கும் பென்சில்தானா? சரி. அப்போ எல்லாருக்கும் ஒரே மரியாதை.

இன்னிக்குத்தான் மொதல்லயா? ம். கேட்டுக்குங்க. எனக்கு அதிகம் பேசப் பிடிக்காது, ரெண்டு வார்த்தையில சொல்லிடறேன். பை கீழே. தண்ணி பாட்டில் கீழே. கையைக் கழுவிட்டு வரணும். கழுவினா மட்டும் பத்தாது, தொடைக்கணும். ஈரக் கையோட வந்தேன்னு என்னைத் திருப்பி அனுப்பினாங்க. கேக்கறதெல்லாம் ஒண்ணொண்ணாத்தான் வரும். ஒண்ணைத் திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்தது. இதென்ன கல்யாணப் பந்தியா, ரசம் முடிச்சாத்தான் மோருன்னு?

அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால இருக்காங்களே, ஷண்முகப்ரியா... இந்த ஆவணக் காப்பகத்துல அவங்கதான் எல்லாம். நல்ல பொண்ணு. கோவமே வராது. அதுதான் எனக்குக் கோவம்! நாம ஒண்ணு சொன்னா பதிலுக்கு ஒண்ணு சொல்லணும்ல? அதில்ல. 'புரியுது சார்'னுட்டுச் சிரிக்கறாங்க. சுவத்துல பந்தடிச்சா சுவராவது திருப்பி அனுப்பும்.

நீங்க எதைத் தேடறீங்க? சைதாப்பேட்டையா? ஓகோ, சந்தையா. எப்போ ஆரம்பிச்சதுன்னு பாக்கறீங்க. நல்லது. இருந்த ஒண்ணைத் தேடறீங்க சார், உங்களுக்கு என்ன கவலை? இருந்தது எங்கயாவது ஒரு மூலையில ஒட்டிக்கிட்டிருக்கும். வரி கட்டியிருப்பான், சண்டை போட்டிருப்பான், கோர்ட்டுக்குப் போயிருப்பான். நான் தேடறது அப்படியில்ல. எங்க வீட்டுல ஒரு கச்சேரி நடக்கவே இல்ல. நடக்கல்லைன்னு எழுதின காகிதம் எனக்கு வேணும். அது எந்த அலமாரியில இருக்கும், சொல்லுங்க பாப்போம்?

சிரிக்காதீங்க. ஒருத்தி உயிர் இதுல தொங்குது.

வீடு மயிலாப்பூர்ல. குளத்துக்கு மேற்கால ஒரு சந்து. பழைய வீடு. பாருங்க, பழைய வீடுன்னதும் உங்க கண்ணு மினுக்குது! எல்லாருக்கும் அப்படித்தான். கூடத்துல தேக்குத் தூணு, செவப்புத் தரை, மெட்ராஸ் டெரஸ் கூரை... அதெல்லாம் பாத்துட்டுப் போறவனுக்கு சார். இருக்கறவனுக்கு ஒழுகற கூரையும் கொல்லையில கக்கூஸும்தான் மிச்சம்.

போன ஐப்பசி மழையில என் வீட்டுக்காரி, சரோஜாதேவி, அந்தக் கொல்லைப் படியில வழுக்கி விழுந்தா. இடுப்பெலும்பு. உள்ளே தகடு வெச்சிருக்காங்க. இப்போ வாக்கர். அந்த நாலு கால் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கூடம் தாண்டி, அடுக்களை தாண்டி, படி இறங்கி, பாசி பிடிச்ச கல்லு மேல... ஒவ்வொரு தடவையும் நான் பின்னாலயே போறேன். 'எதுக்குங்க வாலாட்டம் வரீங்க?'ங்கறா. எதுக்கு வருவாங்க? இன்னொரு தடவை விழுந்தா அப்புறம் படுக்கைதான்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அவகிட்ட நான் சொல்லல்லை. நீங்களும் சொல்லாதீங்க. நீங்க எங்க சொல்லப் போறீங்க.

இதோ, மறுபடி மானம் கறுக்குது பாருங்க ஜன்னல்ல. வீட்டுல அவ தனியா இருக்கற மாதிரிதான். பக்கத்து வீட்டு நீரஜாவை உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன். அந்தப் பொண்ணு போனைப் பாத்துக்கிட்டிருக்கும். இவ எழுந்து போனாலும் தெரியாது.

பாத்ரூமை வீட்டுக்குள்ள கொண்டு வந்துடலாம்னு யாசிரைக் கூட்டிட்டு வந்தேன். பிளம்பர். ராயப்பேட்டைக்காரன். கை சுத்தம், வாய்தான்... வீடு பூரா சுத்திப் பாத்தான். 'பெர்சு, வேற எங்கியும் ஆவாது. மெயின் பைப்பு முன்னாடி ரூமாண்டதான் கீது. அங்க வெச்சா ரெண்டு வாரத்துல முட்ச்சிக் குட்த்துர்றேன். கூடத்துல வெக்கச் சொன்னீனா நான் எஸ்கேப்பு'ன்னான். ஏண்டான்னேன். 'தண்ணி மேல ஏறிப் போவாது நைனா, அதுக்குக் காலு கெடியாது'ங்கறான். நியாயம்தான்.

முன் ரூம்னா வாசக்கதவைத் திறந்ததும் இடது கைப் பக்கம். அதுல ஒண்ணும் கிடையாது. நாலு நாற்காலி, ஒரு ஜமக்காளம், சுவத்துல ஒரு பலகை. அந்தப் பலகைதான் வினை. என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'ஜலதரங்க மேதை ஆனைமலை அருணாசலம் இவ்வறையில் அமர்ந்து கச்சேரி செய்தார்.' நீல எழுத்து. ஓரத்துல கொடி, பூ எல்லாம் போட்டு. ஜலதரங்கம் தெரியுமில்ல? கிண்ணத்துல தண்ணி ஊத்தி வெச்சுக்கிட்டுக் குச்சியால தட்டுவாங்களே, அது.

சரோஜா ஒத்தைக் கால்ல நிக்கறா. இப்போ நெஜமாவே ஒத்தைக் கால்தான், இருந்தாலும் நிக்கறா! 'அவ்வளவு பெரிய மனுஷர் உக்காந்து வாசிச்ச எடத்துல கக்கூஸா? எப்படிங்க மனசு வருது உங்களுக்கு?'

'அவன் வாசிக்கவே இல்லடி.'

'வாசிக்காமத்தான் பலகை வெச்சாங்களா?'

'அப்படி ஒரு வித்வானே கிடையாது.'

'கக்கூஸ் கட்டறதுக்காக ஒரு மகாவித்வானையே இல்லைன்னுடுவீங்களா? நல்லா இருக்குங்க!'

சத்தியம் பண்ணினேன் சார். கற்பூரம் ஏத்தி அணைக்கறேன்னேன். 'வேணாம், அந்தப் பாவத்தையும் சேத்துக்காதீங்க'ங்கறா. 'எழுத்துல காட்டுங்க. பத்திரிகையில வந்திருக்கு, புத்தகத்துல வந்திருக்கு. அதெல்லாம் தப்புன்னு எழுத்துல காட்டினா யாசிரை வரச் சொல்லுங்க. இல்லேன்னா அந்த ரூம் பக்கம் கடப்பாரையோட எவனும் வரக் கூடாது. வந்தா நான் வாக்கரோட குறுக்க உக்காருவேன்.' உக்காருவா சார். செய்யக் கூடியவதான்.

அதான் போன வாரம் மொதல்ல வந்தேன். இருபத்தொம்பது சி பஸ் பிடிச்சு. மெட்ரோவுக்குத் தோண்டறேன்னு மந்தவெளியில ஊரையே திருப்பி விட்டிருக்கான். அடையாறு வரதுக்குள்ள இடுப்பு எனக்கும் போச்சு. வந்தா... பென்சில்!

சரி, தேடினேன். மொதல்ல அந்த மார்கழி நடைக்காரங்க அச்சடிச்ச சின்னப் புத்தகம். அதான் சார், டிசம்பர் வந்தா காலங்காத்தால தொப்பியும் கேமராவுமா கும்பலா வந்து, வீடு வீடா நின்னு வாயைப் பொளப்பாங்களே, அவங்க. எங்க வீட்டுப் படம் போட்டுக் கதை எழுதியிருக்கு. எங்கேருந்து எடுத்ததுன்னு பாத்தா, கீழே சின்ன எழுத்துல எங்க பேட்டை வாரப் பத்திரிகை பேரு. ரசம் முடிஞ்சுது, மோரு குடுங்கன்னு பத்திரிகையைக் கேட்டு வாங்கினேன். அதுல 'உள்ளூர் வரலாற்று ஆவணங்களின்படி'ன்னு இருக்கு. எந்த ஆவணம்? இந்தக் காப்பகத்து ஆவணம்தான்! அதைக் கொண்டாங்கன்னேன். ஷண்முகப்ரியா சிரிச்சுக்கிட்டே கொண்டு வந்தாங்க. ஒரே ஒரு தாள். அதுல 'மார்கழி நடை வழிகாட்டி ஸ்நேஹா தெரிவித்த தகவல்'. ஸ்நேஹாவுக்கு எவன் தெரிவிச்சான்? அடுத்த வரியில இருக்கு. 'இல்லத்தின் உரிமையாளர் திரு. கருணாகரன் நேரில் கூறியது.'

போச்சா!

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஆமா. நான்தான். கருணாகரன். மின்வாரியத்துல கணக்கெடுத்து ரிட்டயர் ஆனவன். நாலு எடம் சுத்திட்டு என் வாசல்லயே வந்து நிக்குது. வேணும்னா சொன்னேன்? கேளுங்க.

அது ஒரு மார்கழி. புயல் மழை. முன் ரூம் கூரை அஞ்சாறு எடத்துல ஒழுகுது. சரோஜா இருக்கற பாத்திரத்தையெல்லாம் கீழே வெச்சுட்டு அடுக்களைக்குப் போயிட்டா. கிண்ணி, டவரா, பீங்கான் கோப்பை, ஊறுகாய் ஜாடி... டிங், டங், டொக்குன்னு விழுந்துக்கிட்டிருக்கு. நான் துடைப்பத்தோட நிக்கறேன். அந்த நேரம் பாத்து வாசல்ல இந்தக் கும்பல். மழையிலயும் வராங்க சார், குடையைப் பிடிச்சுக்கிட்டு! அந்த ஸ்நேஹாப் பொண்ணு உள்ளே எட்டிப் பாத்து, 'அங்கிள், அழகா இருக்கு, என்ன இது கிண்ணமெல்லாம்?'னு கேக்குது.

என்னன்னு சொல்றது? கூரை ஒழுகுது, கண்ணு தெரியல்லையான்னா கேக்க முடியும்? இருபது பேர் பாக்கறாங்க. எரிச்சல்ல, 'ம்... ஜலதரங்கக் கச்சேரி'ன்னேன்.

கிண்டல் சார்! கழுதைக்குக்கூடப் புரியும். அது புரியாம, 'வாவ்! இந்த ரூம்லயா அங்கிள்? வாசிக்கறவங்க வீடா இது?'ங்குது. 'ஆமா, பெரியவங்க வந்து வாசிச்ச ரூம்.' விட்டாப் போதும்னு இருக்கு எனக்கு. 'யாரு வாசிச்சாங்க?' வாயில வந்த பேரைச் சொன்னேன். ஆனைமலை அருணாசலம். ஆனைமலை அருணாசலம் யாரு? எங்க ஆபீஸ்ல லைன்மேன்! கம்பம் ஏறுவான். ஏறினா இறங்க மனசு வராது, மேலேயே பீடி பிடிப்பான். கச்சேரின்னா அவனுக்குப் பொட்டிக் கடை ரேடியோதான்.

அந்தக் கும்பல் என்ன பண்ணிச்சு தெரியுமா? செருப்பைக் கழட்டிச்சு. மழையில, சேத்துல, எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு, எங்க வீட்டு டவரா செட்டை அப்படியே கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டாங்க. ஒருத்தர் கண்ணை மூடிட்டார். அப்போ... எப்படிச் சொல்றது... அந்த நேரத்துல போய் 'கூரை ஒழுகுது'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல்லை. அதுவுமில்லாம, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க சார். ஆபீஸ்ல அத்தனை வருஷம் வேலை பாத்தேன், மீட்டர் பாக்கப் போன எடத்துல நாயைத்தான் அவுத்து விட்டாங்க.

மறு வருஷம் பலகையோட வந்துட்டாங்க.

இதையெல்லாம் ஷண்முகப்ரியாகிட்ட சொன்னேன். ஒளிவு மறைவு இல்லாம. அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க, எல்லாம் பொய்யின்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க, நான் போய் என் வீட்டுக்காரிகிட்ட காட்டணும்னேன். 'புரியுது சார். ஆனா கச்சேரி நடக்கல்லைங்கறதுக்கு உங்ககிட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா?'ங்கறாங்க!

எப்படி இருக்கு? அன்னிக்குப் பொய் சொன்னேன், ஒருத்தரும் ஆதாரம் கேக்கல்லை. பலகை அடிச்சாங்க. இன்னிக்கு உண்மையைச் சொல்றேன், ஆதாரம் கொண்டாங்கறாங்க. நான் சொன்னதுதானே உங்க ஆதாரம், அதே நான்தானே சொல்றேன்னேன். 'அது நீங்க சொன்ன தகவல் மட்டுமில்ல சார். இப்போ வேற சாட்சியும் இருக்கு'ன்னாங்க. என்ன சாட்சி? கோடம்பாக்கத்துலேருந்து புகழேந்தின்னு ஒரு பெரியவர் பத்திரிகைக்கு எழுதியிருக்கார். 'அன்னாரின் ஜலதரங்கத்தை இளமையில் மயிலையில் கேட்டிருக்கிறேன். கைவேகம் சற்று அதிகம். ஆனாலும் சுருதி சுத்தம்.' அருணாசலத்துக்கு! சுருதி சுத்தமாம்! அந்தப் புகழேந்தியை நான் பாக்கணும் சார். நேர்ல பாக்கணும்.

'வித்வானோட போட்டோ ஏதாவது வெச்சிருக்கீங்களா சார்?'னு வேற. கடுப்புல, 'இருக்கு, கரண்ட் கம்பத்து மேல ஏறி நிக்கற போட்டோ'ன்னேன். 'கலைக்கு வரதுக்கு முன்னாடி எடுத்ததா?'ன்னு பென்சிலை எடுத்தாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். வாயைத் திறந்தா வரலாறாயிடுது.

நீங்களும் ஜாக்கிரதை. உங்க சைதாப்பேட்டைச் சந்தைக் கதையை எவன் எந்த எரிச்சல்ல சொன்னானோ!

எங்க எழுந்துட்டீங்க? உக்காருங்க. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு, கடையே திறந்திருக்க மாட்டாங்க. சரி, கொஞ்சம் மெதுவாப் பேசறேன்.

போன வாரம் அந்தத் தாளோட நகலை வாங்கிட்டுப் போய் சரோஜாகிட்ட நீட்டினேன். 'பாரு, கருணாகரன் கூறியதுன்னு போட்டிருக்கா? கூறினவன் நான். நான்தான் கட்டிவிட்டேன்.' கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மெதுவாப் படிச்சா. படிச்சுட்டுச் சொல்றா, 'பேருக்கு முன்னாடி திருன்னு போட்டிருக்காங்களே!' அதைச் சாமி மாடத்துல வெச்சுட்டா.

'சரோஜா, அது பொய்யி.'

'நீங்களாவது, ஒரு கதையைக் கட்டறதாவது! கல்யாணம் ஆனதுலேருந்து சேந்தாப்பல நாலு வார்த்தை பேசினதில்லை. சாப்பாடு நல்லா இருக்கான்னா ம். வயித்து வலியான்னா ம். நீங்க ஒரு வித்வானையே உண்டாக்கினீங்களாக்கும்? யார்கிட்ட சொல்றீங்க?'

நான் ம்னேன்.

அவளைச் சொல்லியும் குத்தமில்லை. ஞாயித்துக்கிழமை ஆனா நாலு பேராவது வராங்க. மார்கழின்னா கும்பல். இவ காலையிலயே குளிச்சு, நல்ல பொடவையா எடுத்துக் கட்டிக்கிட்டு அந்த ரூம்ல நாற்காலி போட்டு உக்காந்துடறா. நான் பேப்பரைத் தூக்கிட்டுக் கொல்லைப் பக்கம் போயிடுவேன். அங்கேயும் காதுல விழுது. என்னமாப் பேசறா சார்! அருணாசலத்துக்கு வெள்ளியில மூக்குப்பொடி டப்பியாம். பொடி போட்டுக்கிட்டுத்தான் தோடி ஆரம்பிப்பாராம். எங்கம்மா பெருங்காயம் போட்டு மோர் கொண்டாந்து குடுப்பாங்களாம். கேக்கறவங்க 'அப்படியா மாமி, அப்புறம் மாமி'ங்கறாங்க. இவ குரலே வேறயா இருக்கு. என்கிட்ட அந்தக் குரல்ல பேசினதே இல்ல.

ஒரு நாள் சொல்றா, 'எங்க வீட்டுக்காரர் அப்போ சின்னப் பையன். அவர்தான் கிண்ணத்துக்கெல்லாம் தண்ணி ஊத்திக் குடுப்பாராம். ஒரு சொட்டு கூடினாலும் குறைஞ்சாலும் அருணாசலம் ஐயா எழுந்துடுவாராம். இவர் ஊத்தினாத்தான் சரியா இருக்கும்பாராம்.'

நான் ஊத்தினேனாம்! என்னை எதுக்கு சார் உள்ளே இழுக்கணும்? நான் கேட்டேனா?

...

அன்னிக்குப் பேப்பரை அப்படியே மடிச்சு வெச்சுட்டேன். படிக்க ஓடல்லை.

ரூமை இடிச்சுட்டா யாரும் வர மாட்டாங்க. கக்கூஸைப் பாக்க எவன் செருப்பைக் கழட்டுவான்? அது அவளுக்கும் தெரியும். அவ அதைச் சொல்ல மாட்டா. நானும் கேக்க மாட்டேன். நான் போய் ஆதாரத்தைக் காட்டி, அவ ஒத்துக்கிட்டு, யாசிர் வந்து இடிச்சு, டைல்ஸ் போட்டு... அப்புறம் ஞாயித்துக்கிழமை அவ யாரோட பேசுவா? நான் இருக்கேனே, என்னோட பேசட்டும்னா... அதான் சொல்றாளே. ம்.

விழாம இருப்பா. அவ்வளவுதான் எனக்கு வேணும். விழாம இருக்கணும் சார்.

என்ன? என்ன கேட்டீங்க? அட, வாய் திறக்கறீங்க! முன் ரூம்தான்னு எதுல இருக்குன்னா... எல்லாத்துலயும் இருக்கு. எல்லாம் அந்தத் தாளைப் பாத்து எழுதினது. அந்தத் தாளுல எப்படி வந்துதா? நான் சொன்னதுதான். மழையில அங்கதானே நின்னேன், அங்கதானே ஒழுகிச்சு, அதனால அந்த ரூம்னு...

நான் சொன்னதுதான்.

இருங்க.

இருங்க சார். நான் சொன்னதுதானே? கச்சேரி நடக்கல்லைன்னு சொல்லத்தானே ஆதாரம் வேணும்? நடந்துது. நடந்துட்டுப் போகட்டும்! தாராளமா நடக்கட்டும். எங்க நடந்துதுன்னு எனக்குத்தானே தெரியும்? எழுபது வயசுல ஒரு ரூமு மாறிப் போச்சு, ஞாபகப் பிசகு, இருக்கக் கூடாதா? நீங்க அப்படியே உக்காருங்க, இதோ வந்துட்டேன். எழுந்து போயிடாதீங்க.

...

அம்மா ஷண்முகப்ரியா!... ஆமாம்மா... இல்ல, கோவமில்லை...

...

சார்! எங்க, மேஜையே மாறிட்டீங்க? ஜன்னலோரமா? வெளிச்சத்துக்கா, சரி சரி. பென்சிலைத் திருப்பிக் குடுத்துட்டீங்களே, கிளம்பறீங்களா? ஒரு நிமிஷம். நானும் கிளம்பத்தான் போறேன்.

ஒத்துக்கிட்டாங்க! 'நீக்கறதுதான் முடியாது சார், சொன்னவரே திருத்தம் சொன்னா தாராளமாச் சேப்போம்'ங்கறாங்க. ஆதாரம் வேணுமான்னேன். வேணாமாம்! கூடத்துலதான் கச்சேரி நடந்துதுன்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க. பலகை ரெண்டு ஆணி. கழட்டிக் கூடத்துல அடிச்சுட்டா ஆச்சு. நாற்காலி கூடத்துக்கு. ஜமக்காளம் கூடத்துக்கு. வர கும்பல் கூடத்துக்கு. முன் ரூம் யாசிருக்கு. யோசிச்சுப் பாருங்க, கூடத்துக்குப் பக்கத்துலதான் அடுக்களை. மோர் கொண்டு வரதுக்கு அதுதான் சௌகரியம். வரலாறும் ஒத்து வருது!

ஏன் இப்படி முறைக்கறீங்க? பொய்யா? சார், ஏற்கெனவே இருக்கற பொய்யை நாலடி தள்ளி வெக்கறேன். அவ்வளவுதான்.

ஒரே ஒரு இக்கு. சரோஜா பேசினதையும் இங்க பதிவு பண்ணி வெச்சிருக்காங்களாம். எனக்கே தெரியாது. நான் ரேஷனுக்குப் போயிருந்த நாள்ல வந்து ரெண்டு மணி நேரம் பதிவு பண்ணியிருக்காங்க. வெள்ளி டப்பி, தோடி, மோர், தண்ணி ஊத்தற பையன்... எல்லாம் உள்ளே இருக்காம். அவளும் முன் ரூம்னுதான் சொல்லியிருக்கா. 'சொன்னவங்க ரெண்டு பேரா இருக்கறதால, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ஒரே மாதிரி சொல்லணும் சார். வெள்ளிக்கிழமை நாங்களே வீட்டுக்கு வந்து பதிஞ்சுக்கறோம்'ங்கறாங்க.

அவ ஒத்துக்கணுமே. நான் போய்க் 'கூடம்தான், கூடம்னு சொல்லு'ன்னா முறுக்கிக்குவா. 'நேத்து வரைக்கும் ஆளே இல்லைன்னீங்க, இன்னிக்குக் கூடத்துக்கு வந்துட்டாரா?'ம்பா. கேப்பா. நல்லாக் கேப்பா. நான் சொல்லக் கூடாது. சொன்னா காரியம் கெட்டுடும்.

வெள்ளிக்கிழமைக்குள்ள. மழை வேற வருது.

வரேன் சார். போய் அவளைக் கூடத்துல உக்கார வெச்சு, ரெண்டு டம்ளர் காபியைப் போட்டு எடுத்துட்டு வந்து எதிர்ல உக்காந்து, அருணாசலம் எந்தத் தூணுல சாஞ்சு, எந்தப் பக்கம் பாத்து வாசிச்சான்னு அவகிட்டயே கேக்கணும்.